தலையணைக்குள் சிரித்தவர்

லுசேர்ண் நகர அரங்கில் அந்த ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். எழுபது தாண்டியும் என்ன அழகான விழுகை! பக்கத்திலிருந்த அப்பா சட்டென்று கம்பளிச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கையசைவில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது. லாங்கன்தாலில் மூன்றாம் மாடி வீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சூரிச் தமிழ்க்கடையில் எடுத்த வீடியோ கசெட்டில் இதே நடிகர், லண்டன் மேடையிலிருந்து திரைக்கு வந்த புதிதில், கறுத்த தலைமயிரோடு விழுந்துகொண்டிருப்பார். பேச்சு எங்களுக்கு விளங்காது. விழுவது நன்றாக விளங்கும். ஆனால் சுவிஸில் ஞாயிறு சத்தம் போடக்கூடாத நாள். கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு எழுதினால் நாட்டில் தங்குவதற்கான பெர்மிட் கிடைக்காது என்று அப்பா பயந்தார். அதனால் ஆளுக்கொரு தலையணை. நல்லெண்ணெய் மணக்கும் அதற்குள் முகம் புதைத்துத்தான் சிரிப்போம்.

"மெல்லமாச் சிரியுங்கோப்பா, மனுசி ஏறி வரப்போகுது," என்பார் அம்மா.

"வரட்டும், அவவுக்கும் ஒரு தலையணை குடுப்பம்," என்று தலையணைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வரும். தோள் மட்டும் குலுங்கும். அவருடைய முழுச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

"அப்பா, இஞ்ச கீழ்வீடு இல்லை," என்று அரங்கில் அவர் காதோடு சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு சுவிஸ் கிழவி திரும்பினார். அப்பா உறைந்துபோனார். கிழவியோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடிகர் இரண்டாம் முறை விழுந்தார்.

"இதைப் பிடி," என்று சால்வையை என் மடியில் போட்டுவிட்டு, அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.