நிமிர்ந்த தலையோடு ஒரு மன்னிப்பு

சைராகுலுக்கு ஐம்பத்தாறு வயது. பிஷ்கெக்கில் ஒரு தையல் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்தவள். கண்ணை இடுக்கி இடுக்கியே இரண்டு புருவத்துக்கும் நடுவில் பதினொன்று என்று எழுதினாற்போல இரண்டு கோடு விழுந்துவிட்டது. மனசில் கோபமே கிடையாது. ஆனால் முகம் மட்டும் எந்நேரமும் சண்டைக்கு நிற்கும்.

எங்கள் கிர்கிஸ் பேச்சில் புருவத்துக்கும் மனநிலைக்கும் ஒரே சொல்தான், கபாக். காலையில் டீ ஊற்றும் மருமகள் மாமியாரின் கபாக்கைப் பார்த்துத்தான் அடுத்த கிண்ணத்தை நீட்டுவாள். கல்யாணமாகி ஏழே மாதமான சைராகுலின் மருமகள் நுர்சாத்தும் தினமும் பார்த்தாள். கண்டதெல்லாம் அந்தப் பதினொன்றுதான். ஒருநாள் "அத்தைக்கு என் மூஞ்சியே பிடிக்கல" என்று புருஷனிடம் அழுதுவிட்டு, தொக்மோக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள் பத்து நாளாகத் திரும்பவில்லை.

சைராகுல் துடித்துப்போனாள். அந்தப் பெண் என்றால் அவளுக்கு உயிர். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை, பாவி மனுஷிக்கு!

"இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எப்படிடி போய்க் கூப்பிடுவேன்? இன்னும்ல பயந்துக்குவா!" என்று பக்கத்து மெஷின்காரியிடம் புலம்பினாள். அவள்தான் முகக் கோடு மறைய ஊசி போடும் டாக்டர் அலீனாவின் விலாசத்தைக் கொடுத்தாள். மகராசி, நல்லா இருக்கட்டும்.

டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் அப்படியொரு பொறுமை. நரம்பு வியாதி உண்டா, தசை வியாதி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாம் விசாரித்துவிட்டு, காலை பத்து மணிக்குப் புருவத்தருகில் ஐந்து குத்து குத்தினாள். எறும்பு கடித்தாற்போல இருந்தது, அவ்வளவுதான்.

"கொசு கடிச்ச மாதிரி தடிச்சிருக்கும், சீக்கிரம் அடங்கிடும். லேசாத் தலைவலிக்கலாம், கன்னிப்போகலாம். நாலு மணி நேரத்துக்குப் படுக்காதீங்க, தேய்க்காதீங்க, தலையைக் குனியாதீங்க. ஆவிக்குளியல் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கண்ணு இமை தொங்குச்சுன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்கக்கா."

சைராகுல் கண்ணாடியில் பார்த்தாள். "என்னம்மா இது, கோடு அப்படியே இருக்கே?"

"இன்னைக்கே எப்படிப் போகும்? மூணு நாலு நாள்ல தசை இளக ஆரம்பிக்கும். முழுசாத் தெரிய ரெண்டு வாரம் ஆகும். மூணு நாலு மாசம் போனா பழையபடி வந்துடும்."

ரெண்டு வாரமா! மனசு கேட்கவில்லை. ஊசி போட்ட கையோடு தொக்மோக் வேனில் ஏறிவிட்டாள்.

எங்களில் மன்னிப்புக் கேட்டு வருகிறவர் வாசலிலேயே தலை குனிய வேண்டும். குனியாவிட்டால் என்ன பேசினாலும் எடுபடாது. சைராகுலோ கம்பை விழுங்கியவள் மாதிரி நின்றாள். அதே கடுகடுத்த புருவம், போதாக்குறைக்கு ஐந்து சிவப்புப் புள்ளி வேறு.

நுர்சாத்தின் அம்மா துமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு சம்பந்தியம்மா! பொண்ணைக் கூப்பிட வந்தீங்களா, மிரட்ட வந்தீங்களா? தலை ஒரு அங்குலம்கூட இறங்க மாட்டேங்குதே!"

"இறங்கும் சம்பந்தி. ரெண்டு மணிக்கு இறங்கும்."

"என்னது?"

"அதுவரைக்கும் குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இந்தக் கோடு போகணும்னு நெத்தியில ஊசி போட்டுட்டு வந்திருக்கேன்." கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்ததும் குரல் உடைந்தது. "எனக்குக் கோவமே இல்லடி நுர்சாத். இது தையல் மெஷின் போட்ட கோடு. உன்னை ஒருநாளும் நான் குறையா நினைச்சதில்ல."

துமார் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். "உக்காருங்க, உக்காருங்க! ரெண்டு மணி வரைக்கும் டீ குடிப்போம். எங்கேயும் சாஞ்சுடாதீங்க தாயே!"

இந்த நல்ல மனசுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று சைராகுலுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் பயம், கை நெற்றியில் பட்டுவிட்டால்? நுர்சாத்தான் கிட்டே வந்து, நெற்றியைத் தொடாமல், தன் தலைத்துணி முனையால் கன்னத்தை ஒற்றிவிட்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

"வந்த மறுநாளே கட்டி வெச்சுட்டேன் அத்தை. யாராவது வந்து கூப்பிட மாட்டீங்களான்னு பத்து நாளா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."