ஆற்றின் நடுவில் ஒரு மரியாதை

எங்கள் சமஸ்தானத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால் அதைக் கர்த்தரின் கிருபை என்றுதான் சொல்லிக்கொண்டோம். சர்க்காருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. மோட்டார் வண்டியின் டயர் கிழிந்தால் உள்ளே வைக்கோலை அடைத்து ஓட்டுவார்கள். மாட்டுவண்டியின் கடையாணி விழுந்துவிட்டால் வேலியில் ஒரு குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு வண்டிக்காரர் வெற்றிலை போட உட்காருவார். போகட்டும், அதெல்லாம் இல்லாமையால் வந்தது. நாமே கைகூப்பி வரவழைத்துக்கொள்கிற ஆபத்து ஒன்று உண்டு. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் இரணியலுக்கு அருகே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். என் தங்கையைத் தேங்காய்ப்பட்டணத்து ஆற்றுக்கு மேல்கரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு முதல் பேறு, எட்டாம் மாதம். தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அப்பாவுக்குக் காலில் புண், நடக்க முடியாது. அதனால் நான் போனேன்.

ஆற்றைக் கடக்க வள்ளம்தான். கடலுக்குள் ஆறு விழுகிற இடத்துக்குச் சற்று மேலே கடத்து, அதாவது வள்ளத்துறை. அங்கே இரண்டு வள்ளங்கள் உண்டு. தங்கையைக் கூட்டிக்கொண்டு நான் திரும்பிய அன்றைக்கு ஒன்றுதான் ஓடியது. இன்னொன்று காலையிலேயே கீழ்க்கரைக்குப் போய்ச் சும்மா கிடந்தது. ஏன்? ஓர் உத்தியோகஸ்தர் முகாம் வருகிறார். அவர் வந்து ஏறும்வரை அதில் வேறு யார் காலும் படக்கூடாது. அவருக்காக அதில் ஒரு நாற்காலியைக்கூடப் போட்டு வைத்திருந்தார்களாம்.

மேல்கரையில் நாங்கள் வெயிலில் நின்றோம். சந்தைக்குப் போகிறவர்கள், கருவாட்டுக் கூடைக்காரிகள், கயிறு கட்டிய ஆட்டோடு ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. பதினைந்து பேர் ஏறவேண்டிய வள்ளத்தில் முப்பது பேர் ஏறினோம். அடிப்பலகையில் ஓர் ஓட்டை. அதில் தேங்காய்ச் சகிரி நாரைத் திணித்திருந்தார்கள். அப்படியும் நீர் கசிந்தது. வள்ளக்காரர் சிரட்டையால் கோரிக் கோரி வெளியே ஊற்றினார். தங்கைக்கு ஓரத்தில் ஒரு சாண் இடம் கிடைத்தது. அவளுக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, கைய விட்டுராத."

"விடுவனா மக்கா? பேசாம இரி."

பாதி ஆறு தாண்டியிருப்போம். எதிரே அந்த வள்ளம் வந்தது. அவ்வளவு பெரிய வள்ளத்தில் நாற்காலியில் ஒரே ஒரு மனிதர், பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். ஓட்டை உடைசல் எதுவும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை.

"ஏமான் வாறாரு!" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். தரையில் எழுவதுபோல, பள்ளிக்கூடத்தில் எழுவதுபோல, ஆற்றின் நடுவில் எழுந்தார்கள்! வள்ளக்காரர் கழியைப் பிடித்தபடி தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆரும் எழும்பப்பிடாது! இரியுங்கோ! அய்யோ, இரியுங்கோ!"

யார் கேட்டார்கள்? மரியாதை முடிந்த பிறகுதான் உட்காருவோம் என்று நின்றார்கள். வள்ளம் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி நிமிரவில்லை.

தண்ணீருக்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் மண் நிறமும் உப்பும்தான். மணல்திட்டில் வலை காயப் போட்டிருந்த கடற்கரைக்காரர்கள் குதித்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் தங்கையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். இன்னொருவர் என்னைத் தூக்கிப் போட்டார். மனிதர் எல்லோரும் பிழைத்தோம். கயிற்றோடு கிடந்த ஆடு செத்தது. நாற்காலி வள்ளம் திரும்பவில்லை. நாங்கள் மூழ்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று.

தங்கைக்கு மறுநாளே வலி கண்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பாடுபட்டாள். எட்டாம் மாதத்துக் குழந்தை, கையகலம், அழக்கூடத் தெம்பில்லை. பெண் குழந்தை. இருக்குமா போகுமா என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை.

நான்காம் நாள் ஒரு குமாஸ்தா விசாரணை என்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். காகிதத்தில் ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தபோது கர்ப்பிணி ஒருத்தி மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பாரம் ஒரு பக்கமாகிப் போனதாம். அதனால் கவிழ்ந்ததாம்!

எனக்கு வந்த கோபத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாத்தியாரம்மாவுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றார். ஆகும் என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து சர்க்காருக்கு ஒரு மனு எழுதினேன், நாலு பக்கம். ஒரு மனிதருக்கு ஒரு வள்ளம், முப்பது பேருக்கு ஒரு வள்ளம் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். ஓட்டையை எழுதினேன், சகிரியை எழுதினேன், திரும்பாமல் போன வள்ளத்தை எழுதினேன். ஆற்றின் நடுவில் எழுந்து நின்ற மூட ஜனங்களையும் விடவில்லை. முட்டாள்தனமான இந்த அடிமைப் புத்தி ஒழியாமல் இந்த நாட்டில் ஒரு வழியும் பத்திரமில்லை என்று முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழிந்து குழந்தை முலை பிடித்துக் குடிக்கத் தொடங்கியது. இனி பயமில்லை என்றார் டாக்டரம்மா. அந்தச் சந்தோஷத்தில் தங்கையின் கட்டில் பக்கம் உட்கார்ந்து மனுவை முழுக்க வாசித்துக் காட்டினேன். அவள் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்க யக்கா," என்றாள். "நீ எழும்பினத மட்டும் எழுதல்லியே?"

நான் மனுவை மடித்தேன்.

"எங் கைய உதறிட்டுல்லா எழும்பின. ரெண்டு கையும் கூப்பிக்கிட்டு நின்ன. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதலில் எழுகிறவள் நான். பிள்ளைகளுக்கு எழச் சொல்லிக் கொடுத்தவளும் நான். அன்றைக்கு "ஏமான்" என்ற சொல் காதில் விழுந்ததும் என் முழங்கால் என்னைக் கேட்கவில்லை. மனுவை மறுநாள் அஞ்சலில் போட்டேன். அவள் சொன்ன அந்த வரியைச் சேர்க்காமல்தான் போட்டேன். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் எந்த முகத்தோடு அவளுக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்?