திருப்தியா என்று கேட்டு நடந்தவள்

வருடத்துக்கு ஒரு முறை நகராட்சி தன் மக்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் பகுதியில் வாழ்வது உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? அந்தக் கேள்வியை வீடு வீடாகச் சுமந்துகொண்டு போகிற வேலை அவளுடையது. வயது ஐம்பத்து நாலு. அதற்கு முன் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பதினெட்டு வருடம் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வந்து இறங்கியதும் இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு நகராட்சியின் கருத்துக் கணிப்புக்கு ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தாள். தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஃபாரம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்விகள். குப்பை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பூங்கா, அலுவலகத்தில் பேசுகிற முறை என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, இரண்டும் இல்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. கடைசியில் ‘பிற கருத்துகள்’ என்று இரண்டு கோடுகள். ஆனால் எந்த மனிதன் கட்டத்துக்குள் பேசுகிறான்?

“குப்பை வண்டி ஒழுங்கா வருதாம்மா?” என்று கேட்டால், “வருது. என் மருமக கண்ணு முழிக்கறதுக்குள்ள போயிடுது. அது வண்டியோட தப்பா, அவளோட தப்பா, நீங்களே சொல்லுங்க” என்று ஒரு மாமியார் இவளையே நீதிபதியாக்குவார். பூங்காவைப் பற்றிக் கேட்டால், “இருக்கா? எந்தப் பக்கம்?” என்பார்கள். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்த ஒருவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “என்னைத் தூங்க விட்டா எல்லாத்துக்கும் மிகவும் திருப்தி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதற்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று வாசலிலேயே நின்று யோசித்துவிட்டு, அவர் சொன்னதையே அந்த இரண்டு கோடுகளில் எழுதினாள். யார் என்ன சொன்னாலும் எழுதுவாள். ஒரு நாளைக்கு முப்பது வீடு. லிஃப்ட் ஓடாத குடியிருப்பு என்றால் முழங்கால் இரண்டும் ராத்திரி வரைக்கும் முணுமுணுக்கும்.

மூன்றாவது வருடமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனாள். இருபத்தாறு வீடுகள். முதல் வீட்டில் ஒரு தையல்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். முன்னறையில் மெஷினை நான்கு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தாள். கட்டிலும் செங்கல் மேல்தான் நின்றது. சுவரில் முழங்கால் அளவுக்கு ஒரு கறுத்த கோடு. அறை முழுவதும் ஊறிய நாற்றம்.

“சாக்கடை வசதி எப்படி இருக்கும்மா? மிகவும் திருப்தி, திருப்தி…”

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். “போன வருஷமும் நீங்கதான வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“அதுக்கு முந்தின வருஷமும்?”

“ஆமா.”

“ரெண்டு தடவையும் நான் சொல்லச் சொல்ல நிறுத்தி நிதானமா எழுதிக்கிட்டீங்க. ஒரு எழுத்து விடல. நானும் சந்தோஷமா இருந்தேன். அந்த எழுதினதெல்லாம் எங்கக்கா போச்சு?”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம், கோபக்காரர்களுக்கென்று ஃபாரம் அக்கா ஒரு பதில் கைவசம் வைத்திருந்தாள். இது ஏதோ தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்பதுபோல் இருந்தது. “கேட்டுச் சொல்றேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் கணிப்புக்குப் பொறுப்பான மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். இவளுக்கு மகனாக இருக்கும் வயதுதான் அவருக்கு. நல்ல மாதிரி. எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

“சார், அந்தக் கடைசி ரெண்டு கோட்டுல எழுதறதை யாரு படிப்பாங்க?”

“ஏம்மா?”

“ஒருத்தங்க கேட்டாங்க.”

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பச்சையும் மஞ்சளுமாக உயரம் உயரமான கட்டைகள். “உங்க வட்டாரத்துல அறுபத்தி ரெண்டு சதவீதம் திருப்தி. மேல கேக்கறது இது மட்டும்தான். கட்டத்துல போட்ட குறியை மட்டும்தான் ஏத்துவோம். எழுதினதை ஏத்தறதுக்கு ஆள் ஏது?”

“அப்ப அந்த ஃபாரமெல்லாம்?”

“மாடிப்படிக்குக் கீழ இருக்கு.”

மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தாள். சணல் கயிறு கட்டிய மூட்டைகள். ஒன்றைப் பிரித்தால் அவள் கையெழுத்து, இன்னொன்றைப் பிரித்தால் அதிலும் அவள் கையெழுத்து. பல்லி முட்டையும் தூசியுமாகக் கிடந்தன. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. காலில் இருந்த வலியெல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே ஏறி வந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒன்று செய்தாள். அந்தச் சந்தின் ஃபாரங்களை மட்டும் தேடி எடுத்து, சாக்கடையைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாகப் பெயர்த்து எழுதினாள். முப்பத்தோரு வாசகங்கள் தேறின. அதைக் கொண்டுபோய் பொறியாளரிடம் நீட்டினாள்.

அவர் மேலோட்டமாகப் பார்த்தார். “நீங்க அந்தச் சந்துல குடியிருக்கீங்களா?”

“இல்ல சார், நான் நம்ம கணிப்பு…”

“அப்ப இது புகார் ஆகாதும்மா. குடியிருக்கறவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அதுவும் இல்லாம, அந்தச் சந்துல அடைப்பு எடுக்க மூணு தடவை வண்டி அனுப்பியாச்சு. வரைபடத்துல அங்க இருக்கற எல்லா சாக்கடை மூடியையும் திறந்து பார்த்தாச்சு. அடைப்பே இல்ல.”

மறுபடி சந்துக்கு நடந்தாள். சம்பளம் இல்லாத நடை. இருபத்தாறு வீட்டில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர், “கையெழுத்து வாங்கி என் வீட்டை எழுதிக்கிட்டா?” என்று கேட்டார். ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்து இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. தையல்காரி கையெழுத்துப் போட்டாள். நம்பிக்கையினால் அல்ல, வாசலில் நிற்கிறவளை அனுப்பிவைப்பதற்காக.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தாள். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்து மூடுகிறவராக முப்பது வருடம் இருந்தவர். தெருத் தெருவாகச் சாவியைத் திருகித் திருகி வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பேச்சு குறைந்து, வெளியே போவதும் நின்றுவிட்டது. தினம் எங்கே போய் வருகிறாய் என்று அவர் கேட்பதில்லை; இவளும் சொல்வதில்லை. அன்றைக்கு மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

“எந்தச் சந்து?” என்றார் அவர்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால.”

“முனையில ஒரு மாவு மில் இருக்குமே?”

“இப்ப இல்ல. செல்ஃபோன் கடை.”

அவர் கோணிய கையால் தாடையைத் தடவினார். “அங்க ஒரு மூடி உண்டு. எங்க குழாய்க்குப் பக்கத்துலயே போகும் அந்தச் சாக்கடை. ரோட்டை ஒசத்தினப்ப மூடி மேலயே தாரை ஊத்திட்டுப் போயிட்டான். நான் கத்தினேன். யாரு கேட்டா? வரைபடத்துல இருக்காது. அதைப் போட்டப்ப வரைபடம் எழுதறவர் லீவு.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல?”

“நீ கேட்டியா?”

கையெழுத்துத் தாளைக் கொடுத்துப் புகார் எண் வாங்கி, பொறியாளரின் உதவியாளர் ஒருவரையும் இரண்டு தொழிலாளிகளையும் வரவழைக்கப் பதினேழு நாள் ஆனது. அன்று காலை கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஏறவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. செல்ஃபோன் கடை வாசலில் நின்று, கண்ணைச் சுருக்கி, எதிர்ச் சுவரிலிருந்து அடி அளந்து நடந்தார். ஊன்றுகோலால் தாரைத் தட்டினார்.

“இங்க.”

கடப்பாரை இறங்கியது. முக்கால் மணி நேரம் தோண்டினார்கள். மண்ணும் ஜல்லியும்தான். உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சந்திப்பிழை திருத்திய கிழவர், “வயசானா ஞாபகம் அப்படித்தான்” என்று கணவர் காதில் விழும்படியே சொன்னார். கணவரின் முகம் செத்துப்போனது. ஃபாரம் அக்காவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

“அந்த எதிர்வீட்டுக்காரங்க சுவரை முன்னாடி இழுத்துக் கட்டிட்டாங்களா?” என்று கணவர் திடீரென்று கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தையல்காரி, “ஆமாங்க. ரெண்டு அடி” என்றாள்.

“அதைச் சொல்லுங்க மொதல்ல.” ஊன்றுகோல் இரண்டடி சுவர்ப் பக்கம் நகர்ந்தது. நாலாவது குத்தில் இரும்புச் சத்தம் கேட்டது.

மூடியைக் கிளப்பியதும் எழுந்த நாற்றத்தில் செல்ஃபோன் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். உள்ளே பாறைபோல் இறுகிய சிமெண்ட், அதைச் சுற்றிக் கயிறு கயிறாகத் துணி. தொழிலாளி கொக்கியால் இழுத்து வெளியே போட்டார். சிவப்பு, நீலம், பூப்போட்டது, ஜரிகை வைத்தது. எல்லாம் வெட்டுத்துணி. சந்தில் தையல் மெஷின் உள்ள வீடு ஒன்றுதான்.

தையல்காரியின் முகம் வெளுத்தது. வீட்டுக்குள் ஒவ்வொரு முறை தண்ணீர் புகுந்து வடியும்போதும் மெஷினுக்குக் கீழே கிடந்த துண்டுத்துணிகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அடைப்பினால் தண்ணீர், தண்ணீரினால் அடைப்பு. யாரும் வாய் திறப்பதற்குள் ஃபாரம் அக்கா, “கட்டட வேலை பார்த்துட்டு மிச்ச சிமெண்டைச் சாக்கடையில கரைச்சு விட்டது யாருன்னு மொதல்ல கேளுங்க” என்று குரலை உயர்த்தினாள். எல்லார் பார்வையும் சுவரை முன்னுக்கு இழுத்துக் கட்டிய வீட்டுப் பக்கம் திரும்பியது. தையல்காரி மெதுவாக உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

சந்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுவது நின்றது. ஆனால் வடிந்து போன தண்ணீர் கீழே இருந்த அடுத்த சந்தில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அந்தச் சந்துக்காரர்கள் ஃபாரம் அக்காவை வழியில் பிடித்துக்கொண்டார்கள். “அவங்களுக்கு மட்டும் பண்ணிக் கொடுத்தீங்களே, நாங்க என்ன பாவம் பண்ணினோம்?” பஸ் நிறுத்தத்தில், காய்கறிக் கடையில், எங்கே பார்த்தாலும் ஒரு சாக்கடை, ஒரு தெருவிளக்கு, ஒரு நாய். அடுத்த வருடக் கணிப்பில் அந்த வட்டாரத்தின் திருப்தி ஐம்பத்தெட்டாக இறங்கியது.

மேற்பார்வையாளர் அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “பார்த்தீங்களாம்மா? சொன்னா நடக்கும்னு தெரிஞ்சுட்டா ஜனங்களுக்குத் திருப்தி குறைஞ்சிடுது. நம்ம வேலை கேக்கறது மட்டும்தான்.” இவளைப் பட்டணத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

மாறுவதற்கு முன் தையல்காரியிடம் கடைசியாகக் கேள்வி கேட்டிருந்தாள். செங்கல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தும் அந்தக் கோடு லேசாகத் தெரிந்தது.

“சாக்கடை வசதி?”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள். “அதிருப்தின்னு போடுங்க.”

“இப்பதான் தண்ணி வரலியேம்மா?”

“வரல. உங்களுக்கும் அண்ணனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கேன். ஆனா நாலு வருஷம் என் பிள்ளைங்க ரெண்டும் கட்டில் மேலயே உக்காந்து படிச்சுதுங்க. நகராட்சிக்கு நான் எதுக்கு நல்ல மார்க் போடணும்?”

ஃபாரம் அக்கா அந்தக் கட்டத்தில் குறி போட்டாள்.

ஒரு நல்லது நடந்தது என்றால் அது கணவருக்குத்தான். புதைந்துபோன மூடிகளைப் பற்றி விசாரிக்கப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு ஃபோன் வரும். சட்டைப் பையிலேயே ஃபோனை வைத்துக்கொண்டு நடமாடினார். “அது சலூனுக்கு எதிர்ல தம்பி, மரத்துலேர்ந்து ஆறு அடி” என்று அவர் அதிகாரமாகச் சொல்வதைக் கேட்கும்போது இவளுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கத்தான் தெம்பு இருக்காது.

மேலும் இரண்டு வருடம் நடந்தாள். பிறகு முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முடிந்த நாளில் அடையாள அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வருடம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, தோளில் பை, கையில் அட்டை. முகமெல்லாம் வியர்வை. கணவர் உள்ளே ஃபோனில் இருந்தார்.

“வணக்கம்மா. உங்க பகுதியில வாழறது உங்களுக்குத் திருப்தியா இருக்கா? மிகவும் திருப்தி, திருப்தி, இரண்டும் இல்லை…”

ஆயிரக்கணக்கான பேர் வாயிலிருந்து அதற்குப் பதில் வாங்கியவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவெல்லாமோ தோன்றியது. எதுவும் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி இல்லை.

“உள்ள வந்து உக்காரும்மா மொதல்ல” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்தாள்.

“இன்னும் எத்தனை வீடு இருக்கு?”

“பத்தொன்பதும்மா.”

“கடைசில ரெண்டு கோடு இருக்கே, அது இன்னும் இருக்கா?”

“இல்லம்மா. இந்த வருஷம் எடுத்துட்டாங்க.”

அவள் தலையாட்டினாள். “சரி, நடுவுல இருக்கறதைப் போடு. எல்லாத்துக்கும் அதையே போட்டுக்கோ. சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போ.”