சவாரியை விட்டுவிட்டு நடந்தவர்

பிள்ளைகளா, பொம்மனஹள்ளிக்கு நாங்கள் குடிவந்த புதிது. உங்கள் அக்கா அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். எனக்கு பொம்மசந்திராவில் நைட் ஷிப்ட். மொழி தெரியாத ஊரில் அம்மாவைத் தனியே விட்டுப்போகப் பயமாக இருந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கேட்டோம். நரைத்த மீசைக்கார டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"நாலு கிராஸ் தெரு தாண்டினா ஆஸ்பத்திரிதான் தங்கச்சி, நடங்க. நானும் வரேன்."

மளிகைக் கடை, தண்ணீர்க் குழாய், மாவு மில் என்று வழியெல்லாம் நின்றார். "அக்கா, நம்ம ஏரியாவுக்குப் புதுசு, நோட்கொள்ளி" என்று தமிழும் கன்னடமுமாக எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"உங்க சவாரி போச்சே அண்ணா?" என்றேன்.

"ஆட்டோல போனா உங்க மூஞ்சி யாருக்கு சார் தெரியும்?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் நான் ஷிப்டில் இருந்தபோது அம்மாவுக்கு வலி வந்தது. குழாயடிப் பெண்கள் கூடவர, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விட்டாள். காலையில் நான் தெருமுனையில் திரும்பும்போதே மாவு மில்காரர், "பொண்ணு சார், பொண்ணு!" என்று கத்தினார்.

அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நாங்கள் அவருடைய ஆட்டோவில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் எங்களை இந்த ஊரில் கொண்டுவந்து சேர்த்தது அவர்தான் என்று பெருமையாகச் சொல்வேன்.