கமலவேணியின் கட்டுரை

எங்கள் சிமெண்ட் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தைந்தில். புரோகிராம் எழுத வந்தவர் கமலவேணி, குரும்பலூர்க்காரர். நான் கண்ணையன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளச் சீட்டு அச்சடிக்கிற ஆபரேட்டர். ஆலையிலேயே ஏசி இருந்தது அந்த அறைக்கு மட்டும்தான். அரியலூர் வெயிலுக்குப் பயந்த அதிகாரிகள் அத்தனை பேருக்கும் அங்கேதான் ஏதாவது சோலி இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து ஊர்க்கதை பேசுவார்கள். மேனேஜர் வீட்டு விருந்தாளிகள் கோவிலுக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றிப் பார்ப்பார்கள். மனுஷி எப்படி வேலை பார்ப்பார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வாயைத் திறக்க மாட்டார். எல்லாரும் போன பிறகு, விட்ட வரியைத் தேடிப் பிடித்து மறுபடி தொடங்குவார்.

இத்தனை சந்தைக்கடைக்கும் நடுவில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். சம்பளக் கணக்கு ஓடும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே தொடரும். ஒரே ஒரு கோளாறு. சில மாதங்களில், நின்ற இடத்து ஆளுக்கு இரண்டு சீட்டு வந்துவிடும். ஏன் என்று பிடிபடவே இல்லை. மாதக் கடைசியில் இருவரும் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துச் சலித்துப்போவோம். தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான், பல ஆலைக் கம்ப்யூட்டர்காரர்களும் சேர்ந்து பெரம்பலூர்க் கல்யாண மண்டபத்தில் நடத்திய கருத்தரங்குக்கு அவர் கட்டுரை எழுதிக்கொண்டு போனார்.

முதல் வருஷம் அவரைக் கடவுள் வாழ்த்து பாடச் சொன்னார்கள். பாடினார். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, இன்னொரு பொன்னாடை. அவர் முறை வந்தபோது இலை போட்டாயிற்று. கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் செயலாளர்.

அடுத்த வருஷமும் அதே மண்டபம், அதே செயலாளர். நானும் கூடப் போயிருந்தேன். கடவுள் வாழ்த்துக்குக் கமலவேணியைக் கூப்பிட்டார். சபை எழுந்து நின்றது. அவர் மேடையேறினார். முகத்தில் கோபம்கூட இல்லை, அசதிதான். கையில் கட்டுரை.

"பாட்டு அப்புறம் பாடுறேங்க. இதுக்குப் பதில் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

உட்காருவதா நிற்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை விருந்தினர் கூப்பிய கையை இறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. செயலாளர் பக்கத்தில் வந்து வந்து கனைத்தார். கமலவேணி முழுவதையும் படித்து முடித்துவிட்டு, நிமிர்ந்து காத்திருந்தார்.

கடைசி வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். ஏதோ சர்க்கரை ஆலையிலிருந்து வந்தவராம்.

"எங்க ஆலையிலயும் இதே தொல்லைதாம்மா. ரெண்டு வருஷமா மண்டையை ஒடைச்சுக்கிறோம். நிகழ்ச்சி நிரல்ல ஒங்க தலைப்பைப் பாத்துட்டு, ஒங்களுக்குப் பதில் தெரிஞ்சிருக்கும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

 கமலவேணி கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, கடவுள் வாழ்த்தைப் பாட ஆரம்பித்தார்.