செங்கோடனிடம் வந்த மூன்று குத்து ஆர்க்கிட்

1936 ஐப்பசியில் காப்பித் தோட்டத்துத் துரை, செங்கோடனுக்கு மூன்று குத்து ஆர்க்கிட் செடிகளைக் கொடுத்தனுப்பினார். மலைமேல் குண்டூர் நாட்டுச் சோலைக்காட்டு மரங்களில் ஒட்டி வளர்ந்தவை அவை. அழகுக்காகத் துரை கண்ட அத்தனையையும் பிரித்தெடுத்துப் பங்களாவில் தொங்கவிட்டு, ஆடி ஆவணி மழையிலும் தண்ணீர் ஊற்றியதில் இந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் அழுகிவிட்டது.

"மாசிக்குள்ள பூக்க வெச்சுக் காட்டினா, ஊத்துக்கு மேல இருக்கற சோலைய வெட்டமாட்டாராம்," என்றார் செடிகளைக் கொண்டுவந்த மேஸ்திரி அர்த்தனாரி. "இல்லீன்னா அங்கயும் காப்பிதான்."

செங்கோடனின் ஊரில் பதினோரு வீடுகள். அந்தச் சோலையின் அடியில் கசிந்த ஊற்றுதான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர்.

மிளகு பறிக்க மரம் மரமாக ஏறியவன் செங்கோடன். கண்ணால் கண்டதை வைத்தே செய்தான். கார்த்திகை மழை ஓய்ந்ததும் இந்தச் செடி இலையை உதிர்க்கும். அதன் பிறகு தண்ணீர் காட்டக் கூடாது. காலைப் பனியின் ஈரமே போதும். தண்டு சுருங்கும், சுருங்கட்டும். காற்றும் வெளிச்சமும் குறையக் கூடாது. கூரையின் கிழக்கு இறவாரத்தில், மழை படாமல் நாரால் கட்டித் தொங்கவிட்டான். ஒரு சொட்டு ஊற்றவில்லை.

மார்கழி நடுவில் குளிர் ஏறியது. தண்டுகள் வரிவரியாகச் சுருங்கி, செத்தவை போலிருந்தன.

"வெறைச்சுப் போயிருமுங்க," என்றாள் அவன் மனைவி அத்தாயி. "வெதைத் தெனை தொங்கற எடத்துல இதையும் கட்டுங்க. அது வருசா வருசம் மொளைக்காமயா போச்சு?"

மலையில் விதைக் கதிர் அடுப்புக்கு மேலேதான் தொங்கும். சூடும் புகையும் அதைக் காக்கும். செங்கோடன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். பிறகு கொண்டுபோய்க் கட்டினான், புகை அதிகம் படாத ஓரமாகப் பார்த்து.

தை கடைசியில் கணுக்களில் பச்சை முளை தெரிந்தது. அத்தாயி மற்ற பத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எட்டாம் நாள் முளை விரிந்தது. இலை. அதன் அடியில் வெள்ளை வேர். எல்லாக் கணுவிலும் குட்டிச்செடிதான், மொட்டு ஒன்றுகூட இல்லை. குளிரில் கிடந்தால்தான் இது மொட்டு வைக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

பங்களாவுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது துரை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கீரை வளத்தாப்பல இருக்குது, செங்கோடா," என்றார் அர்த்தனாரி.

"இன்னொரு பனிக்காலம் குடுக்கச் சொல்லுங்க, மேஸ்திரி. தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். காப்பி நாத்து வந்து எறங்கிருச்சு, கண்ணு."

மாசி இரண்டாம் வாரம் சோலை விழுந்தது. சித்திரையில் ஊற்று வற்றியது. ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் கசிந்து, தையில் மறுபடி நின்றுபோனது.

துரை திருப்பிக் கேட்காத செடிகள் அந்தப் பனிக்காலம் முழுவதும் வெளியே இறவாரத்திலேயே தொங்கின. செங்கோடன் கை வைக்கவில்லை. மாசியில் இலையில்லாத தண்டுகளில் இருபத்தாறு பூ. வெள்ளை, தொண்டையில் மட்டும் மஞ்சள். பூ விரிந்ததும் தண்ணீர் காட்டத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் புதுத்தண்டு வராது.

அத்தாயி கீழ்ப் பள்ளத்து ஓடையிலிருந்து குடத்தோடு ஏறி வந்தாள். போய்வர ஒரு மணி நேரம்.

"ஒரு செம்பு ஊத்தட்டுமா, புள்ளே?"

குடத்தை இறக்காமலே அவள் பூவைப் பார்த்தாள். "சோறாக்கோணுமுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.