பொன்மணி வாங்கிய சத்தியம்

தம்பி மந்திரமூர்த்தி கடம்பூர் போளியோடு வாசல் ஏறினால் பொன்மணி உஷாராகிவிடுவாள். சும்மா வருகிறவன் வெறுங்கையோடு வருவான். போளி வந்தால் அவனுக்கு எழுத ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அதையும் நேராகக் கேட்க மாட்டான். “அந்த வருசம் பருத்தி நல்லா வெடிச்சுதாக்கா?” என்று எங்கேயோ தொடங்குவான். பருத்தியைச் சொல்லப்போய், பருத்தி எடுக்க வந்தவள் யார், அவளைச் சித்தப்பா எந்த வைக்கோல்படப்புக்குப் பின்னால் வைத்துப் பேசினார் என்பதுவரை அவள் வாய் போய்விடும். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன செய்ய?

இருவரும் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். பொன்மணி வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மந்திரமூர்த்தி கவிதை எழுதினான். அப்போது யாருக்கும் அவன்மேல் சந்தேகமில்லை. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறான், காக்காயைப் பற்றியும் வாடிய கம்பங்கொல்லையைப் பற்றியும் நாலு வரி எழுதுகிறான், எழுதிவிட்டுப் போகட்டும் என்றிருந்தார்கள். காக்காய் சண்டைக்கு வரப்போவதில்லை.

நாவல் வந்த பிறகுதான் வினை. அதில் ஒருவன் பங்காளியின் உழவுமாட்டுக்கு விஷம் வைக்கிறான். ஆட்களின் பெயரையெல்லாம் கவனமாக மாற்றியிருந்த மந்திரமூர்த்தி, மாட்டின் பெயரை மட்டும் மறந்துவிட்டான். ‘சுட்டி’ என்று அப்படியே அச்சாகிவிட்டது. சுட்டி யார் வீட்டு மாடு என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அது யார் கையால் செத்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நாவலுக்குச் சென்னையில் பரிசு கொடுத்தார்கள். சித்தப்பா வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதன்பிறகு அவன் துட்டி வீட்டுக்குள் நுழைந்தால் ஒப்பாரி பாதியில் நின்றது. எதைச் சொல்லி அழுதாலும் அச்சில் ஏற்றிவிடுவான் என்று பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு உம்மென்று உட்கார்ந்துகொண்டார்கள்.

பொன்மணிக்குப் பயப்பட எல்லோரையும்விட அதிகக் காரணம் இருந்தது. கல்யாணமான மறுவருசம், புருசன் சுடலைமணி மாடு பத்தும் தார்க்குச்சியால் அவள் முதுகில் போட்டுவிட்டார். அன்றைக்கே வீட்டைவிட்டு இறங்கியவள், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனாள். கூட வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் தங்கி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டாள். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சுடலைமணி வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். சொன்ன சொல்லை அவரும் காப்பாற்றினார். ஆனால் ஊருக்கு இரண்டு வீட்டாரும் சொன்னது மஞ்சள்காமாலை, வெளியூரில் தங்கி வைத்தியம் என்று. குடும்பத்தில் நிசம் தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் அவள், அவர், அந்நாளில் கோவில்பட்டி ஹாஸ்டலில் தங்கிப் படித்த தம்பி, அவ்வளவுதான். வாயிருக்கிற மூன்று பேரில் ஒருவன் எழுத்தாளனாகிப் போனது அவள் தலையெழுத்து.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருசத்தில், மந்திரமூர்த்தி தன் வாழ்க்கையையே புத்தகமாக எழுதுகிறான் என்று காதில் விழுந்தது. மகள் சுதாராணிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். வீட்டைவிட்டு ஓடியவள் பெற்ற பெண் என்று தெரிந்தால் எவன் வந்து கட்டுவான்? பொன்மணி தம்பியைக் கழுகுமலைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மாட்டுப் பேரைக்கூட மாத்தத் தெரியாத பய நீ. என்னையப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.”

“நல்லது எழுதுனா என்னக்கா?”

“நல்லதை எழுதுனா அதுக்குப் பின்னாலயே மத்ததும் வந்துரும். கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினான். அப்படியும் அவள் நம்பவில்லை. புத்தகம் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து துப்புத் துலக்கினாள். எவளாவது பெயர் மாறி உள்ளே ஒளிந்திருக்கிறாளா, எங்காவது தீப்பெட்டி என்று வருகிறதா, காமாலை வருகிறதா என்று வரிவரியாகத் தடவினாள். வீட்டைவிட்டு இறங்கிய அன்று அவள் கட்டியிருந்த மாதிரியே சிவப்புச் சேலையில் ஒருத்தி வந்தபோது அந்த வரியை மூன்று தரம் படித்தாள். நல்லவேளை, அவள் கருவாடு விற்கிறவள்.

அவள் அதில் எங்குமே இல்லை. ‘நான் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தேன்’ என்று தொடங்கியிருந்தான். அப்பாடா என்று இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் அவனைத் தேள் கொட்டுகிறது. கொட்டுகிற மழையில், கரிசல் சேறு காலைப் பிடித்து இழுக்க, அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ரோடுவரை ஓடுகிறாள். அம்மாவுக்கு இளைப்பு, கிணற்றடிக்குப் போய்வந்தாலே சுவரைப் பிடித்துக்கொள்வாள். தூக்கிக்கொண்டு ஓடியது பொன்மணி. செருப்பில்லாத காலில் முள் ஏறியதும் அவளுக்குத்தான். அந்த முள்ளைக்கூட அம்மா காலில் ஏற்றியிருந்தான். பொன்மணிக்கு அழுகை முட்டியது. யாரைத் திட்டுவது? சத்தியம் வாங்கியவள் அவள்தானே.

சுதாராணிக்குக் கழுகுமலையில் மாப்பிள்ளை அமைந்தார். மாப்பிள்ளையின் அப்பா லிங்கராஜ் ரிட்டயர்டு வாத்தியார். எழுத்தாளர் மந்திரமூர்த்தி பெண்ணுக்குத் தாய்மாமன் என்று கேட்டதும் அவருக்குப் பரம சந்தோசம். நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் கூடி, தட்டு மாற்றப் போகிற சமயத்தில் பைக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

“ஒரு சின்னச் சந்தேகம். எழுத்தாளர் ஒத்தப்பிள்ளைன்னு அவியளே எழுதியிருக்காவ. பொறவு பொண்ணோட அம்மை அவியளுக்கு எப்படி அக்காவாவும்?”

“கதைதான அண்ணாச்சி” என்றார் யாரோ.

“கதை இல்ல. தன்வரலாறுன்னு அட்டையிலயே போட்டிருக்கு.”

மந்திரமூர்த்தி பாயில் முன்னால் நகர்ந்தான். “சொந்த அக்காதான். எழுதும்போது விட்டுப்போச்சு.”

“கூடப்பிறந்தவ விட்டுப்போவாளா? தாய்மாமன் இல்லாத வீட்டுல ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கியளா? இல்ல, பெத்தவ வேற வேறயா? எதை மறைக்கிய?”

வந்திருந்த கூட்டம் அவளையும் தம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. மூக்கு ஒன்றுபோல் இருக்கிறதா என்று தேடுகிறார்கள் என்பது பொன்மணிக்குப் புரிந்தது. அச்சுப்பிழை என்று சொல்லலாம், நம்பமாட்டார்கள். பேசாமல் இருந்தால் செத்துப்போன அம்மாவின் மானம் போகும். சுதாராணி கதவோரம் வெளிறிப்போய் நின்றாள்.

“எங்கம்மாவை இழுக்காதிய” என்றாள் பொன்மணி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எழுதாதன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் வாங்குனது நான். கல்யாணமான புதுசுல இவிய என்னையத் தார்க்குச்சியால அடிச்சாவ. நான் கோவிச்சுக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போயி, தீப்பெட்டி ஆபீஸுல வேலை பார்த்துப் பொழைச்சேன். அது வெளிய தெரிஞ்சா எம்மவளுக்கு வாழ்க்கை அமையாதுன்னு பயந்தேன். மறைச்சது அதைத்தான்.”

சுடலைமணி தலையைத் தூக்கவில்லை. “நெசந்தான்” என்றார்.

லிங்கராஜ் புத்தகத்தை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி முத்துத்தாய், வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, “எந்த ஆபீஸு மதினி?” என்றாள்.

குத்தலாகக் கேட்கிறாளோ என்று பொன்மணி அவள் முகத்தைத் துருவிப் பார்த்தாள். குத்தல் இல்லை.

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. தகரம் போட்டது. குச்சி அடுக்குனேன்.”

“நான் கழுகுமலையில தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுனேன். அது இவியளுக்கு வெளிய சொல்லப் பிடிக்காது.” முத்துத்தாய் புருசன் பக்கம் திரும்பினாள். “பொஸ்தகத்தைப் பைக்குள்ள வையுங்க. தட்டைக் கொண்டாரச் சொல்லுங்க.” பிறகு பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு பொன்மணிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். “அடிச்ச அன்னைக்கே கெளம்பிட்டியளா மதினி? தனியாவா போனிய?”

மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமினான். “அப்ப நான் ஆறாங்கிளாஸு...”

“ஏலே, நீ சும்மா இரு. சொல்லுதது நான்” என்றாள் பொன்மணி.